உதவி நிரல் தோற்றால் பேக்கேஜ் மேனேஜர் என்ன செய்ய வேண்டும்?

ஆரூர்_லேப்

வணக்கம். திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். எல்லாமே டெபியன் 11 லினக்ஸ், இயந்திரங்களும் பழையவை. சந்தேகம் கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை, சிக்கல் என்னவென்று தெரிந்து சரிசெய்தும் ஆகிவிட்டது. ஆனால் அது நடந்த விதம் மனதுக்கு ஆறவில்லை.

விடுமுறையில் எல்லா இயந்திரத்துக்கும் அப்டேட் போட்டோம், அதில் சிஸ்டத்தின் மையமான கர்னலும் புதிதாக ஒன்று வந்தது. சில இயந்திரங்களில் பழைய கர்னல்கள் சேர்ந்து /பூட் பகுதி நிரம்பியிருந்தது. கர்னல் கோப்பு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு, பூட் ஆகும்போது கர்னலுக்கு முதலில் தேவைப்படும் சின்னக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்ட வேண்டிய நிரல் இடமில்லாமல் நின்றுவிட்டது. திரையில் மளமளவென்று ஓடிய வரிகளுக்கு நடுவே "ஜிஜிப்: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று ஒரு வரி, அதற்கடுத்து "எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் ஃபெயிலியர் சிபிஐஓ 141 ஜிஜிப் 1" என்று ஒரு வரி, அப்புறம் வேறு பேக்கேஜ்களின் வரிகள், எல்லாம் முடிந்து கடைசியில் மென்பொருளை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட் சொன்னது இவ்வளவுதான்: "சப்-ப்ராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்ட் அன் எர்ரர் கோட் (1)". பார்த்துக்கொண்டிருந்த உதவியாளருக்கு இதிலிருந்து என்ன புரியும்? மறுபடி பூட் செய்து பார்த்தார், பழைய கர்னலில் நன்றாகவே எழுந்தது. அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

அப்புறம் பூட் மெனுவைக் காட்டும் கிரப்புக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. அது மெனுவைப் புதிதாக எழுதும்போது /பூட்டில் கிடந்த புதுக் கர்னலையும் எடுத்து முதல் வரிசையில் போட்டுவிட்டது, அதற்கு இனிட்ராம்எஃப்எஸ் இல்லை என்பதைப் பற்றிக் கவலைப்படாமல். பிராக்டிகல் தேர்வு நாள் காலையில் கடைசி வரிசை முழுக்க "கர்னல் பேனிக், அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்". வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். கர்னல் பேக்கேஜ் தன் வேலையைச் சரியாகச் செய்தது. தோற்றது அது கூப்பிட்ட உதவி நிரல், அதற்கும் உள்ளே இருக்கும் ஜிஜிப் என்ற சுருக்கும் நிரல். இந்த மாதிரி நேரத்தில் பேக்கேஜ் மேனேஜர் எங்கே நிற்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? அது நம் கையில் கொடுத்தது ஒரு "1" மட்டும்தான், எனக்கு அது போதவில்லை.

மன்னை_டெபியன்

அக்கா, நீங்கள் எழுதிய அந்த "141" ஒன்றிலேயே முழுக் கதையும் இருக்கிறது. ஷெல் வழக்கத்தில் ஒரு நிரல் சிக்னல் வாங்கிச் செத்தால் 128-உடன் அந்த சிக்னல் எண்ணைக் கூட்டிச் சொல்வார்கள். 141 என்றால் 13, அதாவது சிக்பைப். சிபிஐஓ கோப்புகளைக் கட்டிக் குழாய் வழியாக ஜிஜிப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, மறுமுனையில் ஜிஜிப் இடமில்லாமல் 1 என்று சொல்லிச் செத்துவிட்டது, அதனால் படிக்க ஆளில்லாத குழாயில் எழுதப்போய் சிபிஐஓவும் விழுந்தது. இனிட்ராம்எஃப்எஸ் எழுதியவர்கள் இரண்டு நிரலின் எண்ணையும் பெயரோடு அச்சிட்டிருக்கிறார்கள் பாருங்கள், அது நல்ல பழக்கம். யார் முதலில் விழுந்தார், யார் அதனால் விழுந்தார் என்று படிக்கத் தெரிந்தவருக்குத் தெரியும்.

மேலே போகப் போகத்தான் இது கரைந்துவிடுகிறது. எம்கேஇனிட்ராம்எஃப்எஸ்ஸிடம் இவ்வளவு தகவல் இருந்தது. அதைக் கூப்பிட்ட அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் 1 என்றது. அதைக் கூப்பிட்ட ரன்-பார்ட்ஸ் 1 என்றது. நிறுவிய பின் ஓடும் கர்னலின் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் 1, ஆப்டுக்குக் கீழே நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி 1, கடைசியில் ஆப்ட் தன் பங்குக்கு 100 என்று சொல்லி முடித்தது. இத்தனை படி ஏறுவதற்குள் "இடமில்லை" என்கிற ஒரே பயனுள்ள சொல் தொலைந்துபோனது. லாக்கில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, /வார்/லாக்/ஆப்ட் அடைவில் டெர்ம் லாக் என்ற கோப்பில் திரையில் ஓடிய எல்லாமே இருக்கும். ஆனால் பிரச்சினை நடந்த இடத்தில் சொல்லாமல் லாக்கில் போய்ப் பார் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. டெபியன் கர்னலின் போஸ்ட்இன்ஸ்ட், /இடிசி/கர்னல் அடைவுக்குள் இருக்கும் போஸ்ட்இன்ஸ்ட்.டி-யில் கிடக்கும் ஸ்கிரிப்டுகளைப் பெயரின் அகர வரிசையில் ஒவ்வொன்றாக ஓட்டும், ஒன்று தோற்றால் அங்கேயே நிறுத்திவிடும். வரிசை என்ன? ஆங்கில எழுத்துப்படி முதலில் வெளி டிரைவர்களைக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ், அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், கடைசியில் இசட்இசட்-அப்டேட்-கிரப். கடைசியில் வரட்டும் என்பதற்காகவே அதன் பெயருக்கு முன்னால் இரண்டு இசட் போட்டிருக்கிறார்கள். விளைவு என்னவென்றால், யாரோ வாங்கிச் செருகிய வைஃபை டாங்கிளின் டிரைவர் புதுக் கர்னலில் கம்பைல் ஆகாமல் டிகேஎம்எஸ் தோற்றால், இனிட்ராம்எஃப்எஸ் கட்டும் வேலை தொடங்கவே தொடங்காது. டாங்கிள் வேலை செய்யாதது ஒரு தொந்தரவு, இயந்திரம் எழாதது வேறு விஷயம். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி, முன்னால் நிற்பவன் விழுந்தால் பின்னால் நிற்பவனுக்கும் வேலை இல்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குடந்தை_அச்சகம்

நான் கும்பகோணத்தில் டிடிபியும் அச்சகமும் வைத்திருக்கிறேன், உபுண்டுதான். எனக்கு இதில் எதிர்ப்பக்கம் நிற்கத் தோன்றுகிறது. முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வரிசையாக நிற்கும்போது ஏதோ ஒரு சின்ன உதவி நிரல் தோற்றதற்காக முழு அப்டேட்டும் பாதியில் நின்று, அதற்குப் பிறகு நான் எந்த பேக்கேஜைத் தொட்டாலும் அந்தப் பழைய எர்ரரே மறுபடி மறுபடி வந்து நின்றால் என் பிழைப்பு என்ன ஆவது? அதுதான் நடக்கிறது. எழுத்துரு கேஷ் கட்டுவது தோற்றால் தோற்கட்டும், அடுத்த முறை நிரலைத் திறக்கும்போது ஃபான்ட்கான்ஃபிக் தானே கட்டிக்கொள்ளும். மேன் என்னும் கையேட்டுப் பக்கங்களின் அட்டவணை புதுப்பிக்கவில்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. இதற்கெல்லாம் நிற்க வேண்டாம், ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பேன்.

சரியாகச் செய்த ஒன்றையும் பார்த்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை இறக்கித் தரும் எம்எஸ்கோர்ஃபான்ட்ஸ் இன்ஸ்டாலர் என்ற பேக்கேஜ் இருக்கிறதே, அதில் எழுத்துரு எதுவும் கிடையாது, நிறுவிய பிறகுதான் இணையத்திலிருந்து இறக்கும். இங்கே மழைக்காலத்தில் இணையம் போய்ப் போய் வரும். உபுண்டுவில் அந்த இறக்கும் வேலையைத் தனியாகப் பிரித்து அப்டேட்-நோட்டிஃபையர் கையில் கொடுத்திருக்கிறார்கள். இறங்கவில்லை என்றால் பேக்கேஜ் நிறுவல் நிற்காது, பிறகு ஒரு பெட்டி வரும், இந்த பேக்கேஜுக்கான கூடுதல் கோப்பு இறங்கவில்லை, பிறகு மறுபடி முயலப்படும், வேண்டுமானால் இப்போதே முயலலாம் என்று. இனி முயன்று பயனில்லை என்கிற தோல்விக்கு வேறு வாசகம் வைத்திருக்கிறார்கள். வேலையும் நிற்கவில்லை, தோல்வியும் மறைக்கப்படவில்லை. எல்லா உதவி நிரலையும் இப்படி நடத்தலாமே?

நாகை_சர்வர்

> ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்

அண்ணே, நீங்கள் கேட்பதுதான் ஃபெடோரா வகை லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜரான ஆர்பிஎம் உலகத்தில் நடைமுறை. நான் ஃபெடோரா, அல்மா இரண்டையும் வைத்து சர்வர் ஓட்டுகிறேன். ஆர்பிஎம்மில் நிறுவலுக்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட் தோற்றால் அந்த பேக்கேஜ் நிறுவப்படாது, நீக்கலுக்கு முன் ஓடுவது தோற்றால் நீக்கப்படாது. ஆனால் நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்ட் தோற்றால் "வார்னிங்: ஸ்கிரிப்ட்லெட் ஃபெயில்ட், எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1" என்று ஒரு வரி, அவ்வளவுதான், பேக்கேஜ் நிறுவப்பட்டதாகவே கணக்கு. அப்புறம் ஆர்பிஎம்மிடம் கேளுங்கள், எல்லாம் நலம் என்று சொல்லும். அதன் தரவுத்தளத்தில் "நிறுவியாயிற்று, ஆனால் பின்வேலை தோற்றது" என்று எழுதி வைக்க இடமே இல்லை. ஃபெடோரா வழிகாட்டியே எல்லா ஸ்கிரிப்ட்லெட்டும் பூஜ்யத்தோடுதான் முடிய வேண்டும் என்கிறது, ஏனென்றால் தோல்வி பாதியில் வந்தால் முழுப் பரிவர்த்தனையும் குழம்பும். அதனால் பேக்கேஜ் எழுதுபவர் எல்லாக் கட்டளைக்கும் பின்னால் இரண்டு குத்துக்கோடு போட்டு "ட்ரூ" என்று ஒட்டிவிடுகிறார், அது என்னவாகித் தோற்றாலும் சரி என்றே முடியும்.

அதன் விலை என்னவென்று நான் பார்த்தேன். ஒரு சர்வரில் ஒரு சேவைக்குப் பயனர் கணக்கு உருவாக்க வேண்டிய படி தோற்றது, யாருக்கும் தெரியாது, ரொம்ப நாள் கழித்து மின்சாரம் போய் வந்து சர்வர் மறுபடி எழும்போது அந்தச் சேவை எழவில்லை. அதற்குள் அந்த எச்சரிக்கை வரி எந்த லாக்கில் இருந்ததோ அந்த லாக்கே சுழன்று போய்விட்டது. தோல்வியும் அது வெளியே தெரிந்த நேரமும் இவ்வளவு தள்ளிப்போனால் காரணத்தைத் தேடுவது நரகம்.

ஆர்ச் லினக்ஸின் பேக்மேனும் கிட்டத்தட்ட இதே வழிதான். ஹூக் என்று வைத்திருக்கிறார்கள், அதில் தோற்றால் நிறுத்து என்ற குறிப்பைப் பரிவர்த்தனைக்கு முன் ஓடும் ஹூக்கில்தான் போடலாம். பின்னால் ஓடுவது தோற்றால் கட்டளை சரியாக ஓடவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும். அங்கே இனிட்ராம்எஃப்எஸ் கட்டுவது எந்தப் பக்கம்? பின் பக்கம். அக்காவுக்கு நடந்தது அங்கே நடந்திருந்தால் அந்த ஒரு வரியோடு கதை முடிந்தது, அடுத்த பூட்டிலேயே தெரிந்திருக்கும்.

மன்னை_டெபியன்

நாகை சொல்வது முக்கியமானது, அதனால்தான் டிபிகேஜியை இவ்வளவு திட்டினாலும் நான் அதன் பக்கம் நிற்கிறேன். டிபிகேஜி மறக்காது. கோப்புகளைப் பிரித்து வைப்பதும் அமைவு செய்வதும் அதற்கு இரண்டு தனி நிலை. போஸ்ட்இன்ஸ்ட் தோற்றால் அந்த பேக்கேஜ் "ஹாஃப்-கான்ஃபிகர்ட்", அதாவது பாதி அமைவில் நிற்கிறது என்று அதன் ஸ்டேட்டஸ் கோப்பில் எழுதப்படும், அதைச் சார்ந்தவை அமைவு செய்யப்படாமல் காத்திருக்கும். நீங்கள் மறுநாள் வந்து கேட்டாலும் மறு வருடம் வந்து கேட்டாலும் ஆடிட் கட்டளை அதைப் பட்டியலிட்டுக் காட்டும்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று வழக்கமாக ஜூன் 12 அன்று செய்தி வந்துவிடும், கடைமடையில் இருப்பவனுக்கு அது செய்தி மட்டும்தான், அவன் வாய்க்காலில் வந்து சேர்ந்தால்தான் தண்ணீர். ஆர்பிஎம் திறந்ததைக் கணக்கில் எழுதுகிறது, டிபிகேஜி வந்து சேர்ந்ததைக் கணக்கில் எழுதுகிறது. எனக்கு இரண்டாவது கணக்குதான் வேண்டும்.

அது மட்டுமில்லை, ஒன்று தோற்றதும் டிபிகேஜி எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது என்பதும் சரியில்லை. சம்பந்தமில்லாத மற்ற பேக்கேஜ்களை அது தொடர்ந்து அமைத்துக்கொண்டே போகும். எத்தனை பிழை வந்தால் முழுவதுமாக நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது, இயல்பாக 50. அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குத் தெரிந்த தோல்வி ஒரே வகைதான். எழுத்துரு கேஷ் தோற்றாலும் பாதி, இனிட்ராம்எஃப்எஸ் தோற்றாலும் பாதி. குடந்தை அண்ணனுக்குக் கோபம் வருவது அதனால்தான், அது நியாயமான கோபம்.

பேராவூரணி_மாணவன்

அண்ணா, ஒரு கேள்வி. தோற்றால் எல்லாவற்றையும் பழைய நிலைக்கே திருப்பிவிட்டால் என்ன? தரவுத்தளத்தில் ரோல்பேக் செய்வது போல. பாதி என்கிற நிலையே வராதே?

மன்னை_டெபியன்

தம்பி, நல்ல கேள்வி. டிபிகேஜியிலும் ஓரளவு திருப்பும் ஏற்பாடு இருக்கிறது. அப்கிரேடில் பழைய பேக்கேஜின் நீக்கலுக்கு முந்தைய ஸ்கிரிப்ட் தோற்றால், அது புதிய பேக்கேஜின் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு "முந்தையவர் தோற்றுவிட்டார், நீ சமாளிப்பாயா" என்று கேட்கும். அதுவும் தோற்றால் பழைய பேக்கேஜின் போஸ்ட்இன்ஸ்டைக் கூப்பிட்டு "அப்கிரேடைக் கைவிட்டாயிற்று, பழையபடி எழுந்து நில்" என்று சொல்லும். புதுக் கோப்புகள் இறங்கும் முன் நடக்கும் தோல்விகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும்.

போஸ்ட்இன்ஸ்டுக்கு வந்துவிட்டால் திரும்ப வழியில்லை. அந்த ஸ்கிரிப்ட் ஒரு தரவுத்தளத்தின் அமைப்பைப் புதுப் பதிப்புக்கு மாற்றியிருக்கலாம், சேவையை மறுபடி தொடங்கியிருக்கலாம், அந்தச் சேவை அதற்குள் வெளியுலகத்தோடு பேசியும் இருக்கலாம். பழைய கோப்புகளைத் திரும்ப வைத்தால் பழைய நிரல் புதுத் தரவைப் பார்த்து முழிக்கும். நிக்ஸ்ஓஎஸ்ஸில் ஒவ்வொரு மாற்றமும் தனித் தலைமுறையாகப் பக்கத்தில் கட்டப்படுவதால் பழையது அப்படியே இருக்கும், பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். ஓப்பன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை இருந்தால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் சிஸ்டத்தின் அப்போதைய நிலையைப் படம் எடுத்து வைக்கும். இரண்டுமே அருமை, அக்காவின் லேபுக்கு இதில் எது இருந்திருந்தாலும் தேர்வு நாள் காலை அமைதியாகப் போயிருக்கும். ஆனால் அங்கேயும் தரவு திரும்பாது, சிஸ்டம் மட்டும்தான் திரும்பும். அப்புறம் ஒரு எழுத்துரு கேஷ் தோற்றதற்காக முழு அப்டேட்டையும் பாதுகாப்புத் திருத்தங்களோடு சேர்த்துத் திருப்புவாயா என்ற கேள்வியும் இருக்கிறது.

மாயூரம்_பைத்தான்

நிரல் மொழிகளின் பேக்கேஜ் மேனேஜர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், அங்கே கற்றுக்கொள்ள இருக்கிறது. பைத்தானின் பிப் ஒரு பேக்கேஜைக் கட்ட வேறொரு நிரலைக் கூப்பிட்டு அது தோற்றால், இப்போதைய பதிப்புகள் தெளிவாகச் சொல்கின்றன: இந்தப் பிழை ஒரு துணைச் செயலியிலிருந்து வந்தது, பெரும்பாலும் பிப்பின் குற்றமில்லை. அதற்கு மேலே ஒரு கட்டம் கட்டி, அந்த நிரல் சொன்ன சொற்களை அப்படியே உள்ளே வைக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் சைகோபிஜி2 கட்டும்போது "பிஜி_கான்ஃபிக் எக்ஸிகியூட்டபிள் நாட் ஃபவுண்ட்" என்று அந்தக் கட்டத்துக்குள் தெரியும், போஸ்ட்கிரெஸ்ஸின் டெவலப்மெண்ட் கோப்புகள் இல்லை என்று உடனே புரிந்துவிடும். யார் தோற்றார், அவர் வாயால் என்ன சொன்னார், இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். டிபிகேஜியும் ஆப்டும் இதை மட்டும் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். கடைசியில் "தோற்றவை இவை" என்று பெயர்ப் பட்டியல் வருகிறது, அதோடு ஒவ்வொன்றும் கடைசியாகச் சொன்ன நாலு வரியைச் சேர்த்தால் என்ன?

ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் இன்னொரு விதம். 7-ஆம் பதிப்பிலிருந்து சார்புப் பேக்கேஜ்களின் ஸ்கிரிப்ட் வெளியீடு இயல்பாகத் திரையில் வராது, தோற்றால் மட்டும் காட்டும். சத்தம் குறைந்தது, அது நல்லது. ஆனால் எச்சரிக்கை சொல்லிவிட்டு வெற்றியாக முடிந்த ஸ்கிரிப்ட் என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் என்பிஎம்மில் எனக்குப் பிடித்தது, ஆப்ஷனல் சார்பு என்று குறித்த பேக்கேஜ் கட்டும்போது தோற்றால் முழு நிறுவல் தோற்காது. அதாவது, இது இல்லாமலும் நான் நடப்பேன் என்று கூப்பிடுகிறவரே முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார். டெபியனில் கேஷ் வேலைகளுக்கு இந்த மாதிரி ஒரு குறிப்பு வேண்டும்.

குடந்தை_அச்சகம்

அதைத்தான் நானும் சொல்கிறேன். கேஷ் என்றால் ஒரு வகை, பூட் என்றால் ஒரு வகை.

ஆரூர்_லேப்

கேஷ் என்று மொத்தமாக ஒதுக்கிவிட முடியாது சார். எழுத்துரு கேஷ் தானே கட்டிக்கொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். க்னோம் நிரல்களின் அமைப்புகளை வரையறுக்கும் ஜிசெட்டிங்ஸ் ஸ்கீமாவை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவிய பின் ஒரு உதவி நிரல் எல்லா ஸ்கீமாவையும் ஒரே கோப்பாகத் தொகுக்கும். பார்த்தால் அதுவும் கேஷ் மாதிரிதான் இருக்கிறது, மூலக் கோப்புகளிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டிவிடலாம். ஆனால் அது தோற்று, நிரல் தேடும் ஸ்கீமா அந்தக் கோப்பில் இல்லை என்றால், "ஸ்கீமா நிறுவப்படவில்லை" என்று சொல்லி அந்த நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். தானே கட்டிக்கொள்ளாது, எச்சரித்துவிட்டு ஓடவும் செய்யாது. ஆக, இந்த வேலை தோற்றால் யாருக்கு என்ன ஆகும் என்பது பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது, பெயரை வைத்து ஊகிக்கவும் கூடாது. அந்த உதவி நிரலை எழுதியவருக்குத்தான் தெரியும், அவர்தான் சொல்ல வேண்டும்.

நாகை_சர்வர்

அவர் எப்படிச் சொல்வார் அக்கா? எழுதுகிறவர் எல்லோரும் தன் வேலைதான் உயிர் போகிற வேலை என்று எழுதுவார்கள். இல்லாவிட்டால் பயனர் திட்டுவதற்கு பயந்து எல்லாவற்றையும் சில்லறை வேலை என்று எழுதுவார்கள், "ட்ரூ" ஒட்டியது போலவே. உங்கள் யோசனை காகிதத்தில் நன்றாக இருக்கும், நடைமுறையில் யார் சரிபார்ப்பது?

மன்னை_டெபியன்

சரிபார்க்க முடியும். டெபியனில் டிரிகர் என்று ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மேன் பக்கம் கொண்டுவரும் பேக்கேஜ் தானே மேன்-டிபியைக் கூப்பிடுவதில்லை. அந்த அடைவில் கோப்பு மாறினால் எனக்குச் சொல் என்று மேன்-டிபி பதிந்து வைத்திருக்கிறது, கடைசியில் ஒரே தடவை ஓடும். அது தோற்றால் பாதி நிலைக்குப் போவது மேன்-டிபிதான், மேன் பக்கத்தைக் கொண்டுவந்த பேக்கேஜ் இல்லை. பழி சரியான ஆள்மேல் விழுகிறது. இப்படி டிரிகர் வைத்திருக்கும் பேக்கேஜ்கள் கொஞ்சம்தான், ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்டுகளை ஆராய வேண்டியதில்லை. அந்தக் கொஞ்சப் பேரிடம் மட்டும், தோற்றால் என்ன ஆகும் என்று ஒரு வரி அறிவிக்கச் சொன்னால் போதும், அதைக் கொள்கை ஆவணத்தில் வைத்துச் சரிபார்க்கலாம்.

எண்களை வைத்துப் பேசும் பழக்கமும் புதிதில்லை. கண்டெய்னர், சிரூட் மாதிரி இயந்திரத்துக்குள் தனியாகப் பிரித்த சூழலில் சேவையைத் தொடங்க வேண்டாம் என்றால் பாலிசி-ஆர்சி.டி என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து 101 என்று திருப்பச் சொல்வோம். சேவைகளைத் தொடங்கும் இன்வோக்-ஆர்சி.டி அதைப் பார்த்து, கொள்கைப்படி தொடங்கவில்லை என்று ஒரு வரி சொல்லி, வெற்றியாகவே முடிக்கும். அங்கே 101 தோல்வியில்லை, "வேண்டுமென்றே செய்யவில்லை" என்ற பதில். அதே மாதிரி "இப்போது முடியவில்லை, பிறகு முயல்" என்பதற்கு ஒரு எண் இருந்தால் அமைவுக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃப் பூட்டியிருக்கிறது, இணையம் இல்லை போன்றவை எல்லாம் அதில் அடங்கும். பேக்கேஜ் மேனேஜர் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓட்டிக்கொள்ளும். இடமில்லை என்பதை மட்டும் அப்படி வைக்கக் கூடாது, யாராவது வந்து இடம் ஒதுக்கும் வரை எத்தனை முறை ஓட்டினாலும் அதுதான்.

வேதை_நெட்

மறுபடி ஓட்டுவது என்று வந்ததால் சொல்கிறேன். வேதாரண்யம் பக்கம் இருக்கிறேன், 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது எங்கள் ஊர்ப் பக்கம்தான். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத இடத்தில் அப்டேட் ஓட்டுகிறவனுக்கு உதவி நிரல் தானாகத் தோற்பதை விட நடுவில் கொல்லப்படுவதுதான் அதிகம். அங்கே எக்ஸிட் எண்ணே கிடையாது, சொல்ல யாரும் உயிரோடு இல்லை. யூபிஎஸ் பேட்டரி பழசாகிவிட்டால் அதுவும் கைகொடுக்காது.

அந்த விஷயத்தில் டெபியன் கொள்கை சொல்லும் ஒன்றை எல்லோரும் பின்பற்ற வேண்டும்: ஸ்கிரிப்ட் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து ஓடினாலும் சரியாக முடிய வேண்டும். மின்சாரம் வந்ததும் கான்ஃபிகர் கட்டளையை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தடவை ஓட்டினால் பாதியில் நின்றவை எல்லாம் எழுந்துவிடுகின்றன, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மின்தடை இல்லாத ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. "பயனர் ஏற்கெனவே இருக்கிறார்" என்று சொல்லி இரண்டாவது ஓட்டத்தில் தோற்கும் ஸ்கிரிப்டுகளை நான் வெளி ரெபோக்களின் பேக்கேஜ்களில் பார்க்கிறேன். நிறுத்துவதா தொடர்வதா என்று பேசுவதற்கு முன்னால் இதுதான் முதல் தேவை. மறுபடி ஓட்ட முடியாத உதவி நிரல் தோற்றால் நீங்கள் நின்றாலும் தொடர்ந்தாலும் கதி ஒன்றுதான்.

மாயூரம்_பைத்தான்

முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மேக்கில் பயன்படும் ஹோம்ப்ரூவில் நிறுவிய பின் ஓடும் படி தோற்றால் அது எச்சரித்துவிட்டு, மறுபடி முயல இந்தக் கட்டளையை ஓட்டு என்று கட்டளையையே எழுதிக் காட்டும். முழு பேக்கேஜையும் மறுபடி இறக்க வேண்டாம், தோற்ற படியை மட்டும் ஓட்டலாம். மறுபடி ஓட்டும் வழி தனியாக இருந்தால்தான் எழுதுகிறவரும் அதற்கேற்ப எழுதுவார்.

இன்னொன்று, ஆப்ட் அப்டேட்டையும் யாராவது பேச வேண்டும். பட்டியலை இறக்கும் வேலையை ஆப்ட் தானே செய்வதில்லை, எச்டிடிபிக்கு ஒன்று, கையொப்பம் பார்க்க ஒன்று என்று தனி உதவி நிரல்கள் வைத்திருக்கிறது. இணையம் நடுவில் அறுந்தால் "சில பட்டியல்கள் இறங்கவில்லை, பழையவை பயன்படுத்தப்பட்டன" என்று எச்சரித்துவிட்டு வெற்றி என்றே முடிக்கும். ஆள் உட்கார்ந்து பார்த்தால் சரி. தானாக ஓடும் ஸ்கிரிப்டில் வைத்தால், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு "அப்டேட் எதுவும் இல்லை" என்று நிம்மதியாக இருப்போம். புதிய ஆப்டில் எரர்-ஆன் என்ற தேர்வுக்கு "எனி" என்று கொடுத்தால் இதையும் தோல்வியாகச் சொல்லும். லேப் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேராவூரணி_மாணவன்

நன்றி அண்ணா, அது தெரியாது. கல்லூரி சர்வரில் போடச் சொல்கிறேன்.

நாகை_சர்வர்

மன்னை சொன்ன டிரிகர் வழி சரி என்றே வைத்துக்கொள்வோம். அறிவிப்பு இல்லாத பழைய ஸ்கிரிப்டுகளை என்ன செய்வது? எனக்கு ஒரே பதில்தான் தெரிகிறது: அறிவிக்காதது எல்லாம் முக்கியமானது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நின்றால் கோபம்தான் வரும். நிற்காமல் போனால் தேர்வு நாள் காலையில் தெரியும்.

குடந்தை_அச்சகம்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, நிற்பதை அச்சகத்தில் அனுபவிப்பது நான். ஆனால் கடைசியில் யார் தோற்றார், என்ன சொன்னார் என்று தெளிவாகக் காட்டினால், இதை விட்டுவிட்டு மற்றதை முடி என்று நானே சொல்ல ஒரு வழியும் கொடுத்தால், நிற்பதை ஏற்றுக்கொள்வேன். அந்த முடிவு என் கையில் இருக்க வேண்டும்.

ஆரூர்_லேப்

நீடாமங்கலம் கேட்டில் வண்டி நிற்கிறது, ரயில் போவதற்குள் எழுதிவிடுகிறேன். கொள்கை மாறும் வரை காத்திருக்க முடியாது என்பதால் லேபுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அப்டேட் முடிந்ததும் அது இரண்டு விஷயம் பார்க்கும். டிபிகேஜி ஆடிட் ஏதாவது பேக்கேஜைக் காட்டுகிறதா, /பூட்டில் கிடக்கும் ஒவ்வொரு கர்னலுக்கும் இணையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு இருக்கிறதா. இல்லையென்றால் எந்தக் கர்னல், /பூட்டில் எவ்வளவு இடம் மீதி, டெர்ம் லாக்கின் கடைசியில் "எர்ரர்", "ஃபெயிலியர்", "நோ ஸ்பேஸ்" என்று வரும் வரிகள், இவற்றை மட்டும் அச்சிடும். இதை எங்கே மாட்டுவது நல்லது? குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் வைத்தால் உதவியாளர் பார்க்க மாட்டார்.

மன்னை_டெபியன்

ஆப்டின் அமைப்புக் கோப்பில் டிபிகேஜி போஸ்ட்-இன்வோக் என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே மாட்டுங்கள் அக்கா. டிபிகேஜி முடிந்தவுடன் ஆப்ட் அதை ஓட்டும். உங்கள் ஸ்கிரிப்ட் குறை கண்டால் கடைசியில் 1 என்று முடியட்டும், அப்போது ஆப்டும் பிழை என்றே முடியும், உதவியாளர் பார்க்கும் வரிகளும் அங்கேயே இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள், ஒரு அப்டேட்டில் ஆப்ட் டிபிகேஜியைப் பல தடவை கூப்பிடலாம், நடுவில் ஆடிட் பார்த்தால் இன்னும் அமைவு முடியாத பேக்கேஜ்கள் நியாயமாகவே இருக்கும், அதைக் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கிரிப்டை இங்கே போடுங்கள், நானும் என் இயந்திரத்தில் /பூட்டை நிரப்பி ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.